நாஞ்சில் நாட்டுப் பழம்பொருள்களும் பேணுகைக் கல்வியும்

பழம்பொருளைக் காத்தல் என்னும் தொடர் இருவேறு செயல்களைக் குறித்து வழங்குகின்றது. ஒரு பொருள் இன்றுள்ள நிலையினின்றும் மேலும் கேடுறாவண்ணம் தடுத்தல் ஒன்று. கேடுற்ற பொருளை அதன் முன்னைத் தோற்றத்திற்குக் கொணர முயலுதல் மற்றொன்று. முன்னதனைப் பேணுகை என்றும், பின்னதனை மீட்டமைப்பு என்றும் இக் கட்டுரையில் வழங்குவோம். நம் மக்கள் வழக்கிலுள்ள திருப்பணி, ஜீரணோத்தாரணம், புதுக்குதல் ஆகிய சொற்கள் பெரும்பாலும் பின்னதனையே குறிப்பன; சில இடங்களில் அதனினும் ஒரு படி கடந்து, பழையதை அகற்றிப் புதியதொன்றை ஆக்குதலையே குறிப்பன. பேணுகையைத் தனியே சுட்டும் சொல் மக்கள் நாவில் ஊன்றவில்லை. சொல் ஊன்றாதவிடத்துக் கருத்தும் தெளிவு பெறாது நிற்றலைப் பல துறைகளிற் காண்கின்றோம். இத் துறையும் அவற்றுள் ஒன்றாகும்.

இவ் இரு செயல்களும் இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் முதுகலை நிலையில் பயிற்றப்பெறும் தனித் துறையாக வளர்ந்துள்ளன. வேதியியலார்க்கும் அருங்காட்சியகத்தார்க்கும் உரிய இத் துறையில் இலக்கியம் பயில்வார்க்குச் செய்யத்தக்க பணி யாது என்னும் ஐயம் எழுதல் இயல்பே. இத் துறையின் அடிப்படைக் கொள்கைகள் தமிழ்ப் பதிப்பாசிரியர் நெடுங்காலமாகப் போற்றி வந்தவையே என்பதும், தமிழறிவின் துணையின்றிச் செய்யப்பெறும் பேணுகை பொருளைக் காத்தும் அதன் சான்றினை அழித்துவிடக் கூடும் என்பதும் நம் கருத்து. இவற்றை நாஞ்சில் நாட்டிலுள்ள சில பழம்பொருள்களைக் கொண்டு விளக்க முயல்வோம்.

துறையின் தோற்றம்

அருங்காட்சியகத்தோடு இணைந்த வேதியியல் ஆய்வுக்கூடங்களுள் முதலாவதாகக் கருதப்பெறுவது 1888-இல் பெர்லின் நகரில் பிரீடரிக் ராத்கன் என்பாரின் பொறுப்பில் தோன்றியது. தமிழகம் இதில் நெடிது பின்தங்கி நிற்கவில்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில், எஃப். எச். கிரேவ்லி கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், 1930-இல் வேதியியற் பேணுகை ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. அங்குப் பணியேற்ற எஸ். பரமசிவன் செப்புப் படிமங்களைப் பற்றிய நோயைத் தீர்க்கும் முறைகளை ஆராய்ந்தார். சித்தன்னவாசல், தஞ்சைப் பெரிய கோயில் முதலிய இடங்களின் சுவரோவியங்கள் எவ்வெப் பொருள்களால், எம் முறையில் தீட்டப்பெற்றன என்பதனை வேதியியல் நெறியில் ஆய்ந்து எழுதினார். தமிழர் கலைவரலாற்றை எழுதுவோர் இவர் பெயரைப் பெரும்பாலும் குறிப்பதில்லை, குறித்தல் வேண்டும்.

செப்புப் படிமங்களின் நோய் என்றது வெறும் உவமையன்று. மண்ணுள் நெடுங்காலம் கிடந்த படிமத்தில் குளோரைடு உப்புகள் ஊடுருவி நிற்கும். வெளிக்கொணர்ந்த பின் காற்றின் ஈரமும் உயிர்வளியும் கூடும்போது அவை மீண்டும் வினைப்பட்டு, வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும். பரமசிவன் காலத்தில் இதற்குக் கையாண்ட மருந்து மின்பகுப்பு. அம் முறை உப்பினை அகற்றியது உண்மை. அதனோடு படிமத்தின் மேற்படிந்திருந்த பச்சை மேலடையையும் அகற்றியது. அம் மேலடையில் படிமம் எத்தகைய மண்ணிற் கிடந்தது, எத்துணியாற் சுற்றிப் புதைக்கப்பெற்றது என்பன போன்ற செய்திகள் தங்கியிருத்தல் கூடும் என்பதனைப் பிற்கால ஆய்வாளர் உணர்ந்தனர். 1967-இல் பென்சோடிரையசோல் என்னும் கரிமப் பொருளைப் பயன்படுத்தும் முறை வெளியிடப்பெற்ற பின், மேலடையை நீக்காமலே அரிப்பினைத் தணித்தல் பெரிதும் இயல்வதாயிற்று. ஒரு தலைமுறை சிறந்ததென்று கொண்ட மருந்தை அடுத்த தலைமுறை ஐயுறுதல் இத் துறையில் மீண்டும் மீண்டும் நிகழ்வது. பின் வருவார் நீக்கக்கூடிய பொருளையே இன்று சேர்த்தல் வேண்டும் என்னும் விதி இதனாற் பிறந்ததே.

1956-ஆம் ஆண்டின் இறுதியில் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ பொதுமாநாட்டில், பண்பாட்டுப் பொருள்களின் பேணுகைக்கு ஓர் அனைத்துலக மையம் அமைத்தல் வேண்டும் என முடிவு செய்யப்பெற்றது. அம் மையம் 1959-இல் உரோம் நகரில் பணி தொடங்கியது. கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்ததும் அதே 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் என்பதனைப் போகிற போக்கில் குறித்துக்கொள்வோம். 1960-இல் நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பேணுகைப் பயிற்சி அமெரிக்க நாட்டில் பட்டமேற்படிப்பு நிலையில் எழுந்த முதல் முயற்சியாகும். இந்தியாவில், இலக்குமணபுரி எனப்படும் லக்னோவில் பண்பாட்டுப் பொருட் பேணுகைக்கான தேசிய ஆய்வுக்கூடம் 1976-இல் அமைந்தது. 1989-இல் தில்லியில் அமைந்த தேசிய அருங்காட்சியக நிறுவனத்தில் கலைவரலாறு, பேணுகை, அருங்காட்சியகவியல் ஆகிய மூன்றற்கும் முதுகலைப் படிப்பு உண்டாயிற்று.

இப் படிப்பிற் சேர்வார் வேதியியல், கலைவரலாறு, கைவினை ஆகிய மூன்றிலும் முன்னறிவு உடையராதல் வேண்டும் என மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் எதிர்பார்க்கின்றன. மாணவர் முதலிற் பயில்வது மருந்திடுதல் அன்று, நோக்குதலே. ஒரு பொருளை எதிரே வைத்துக்கொண்டு அதன் அளவு, செய்பொருள், செய்ம்முறை, பழைய செப்பங்கள், இன்றைய கேடுகள் ஆகியவற்றை எழுத்தாலும் படத்தாலும் பதிவு செய்தல் முதற் பயிற்சி. கேட்டின் காரணத்தை ஆராய்தல் அடுத்தது. எத்துணைக் குறைவாகக் கை வைத்தால் பொருள் நிலைபெறும் என்று முடிவு செய்தல் அதற்கும் அடுத்தது. இவற்றின் பின்னரே தூரிகையும் கரைப்பானும் மாணவர் கைக்கு வருகின்றன.

பழங்கற்படி

இக் கொள்கைகள் மேனாட்டினின்றும் வந்தவை, நம் மரபிற்குப் புறம்பானவை என்று கூறுவார் உளர். கல்வெட்டுகள் இக் கூற்றை மறுக்கின்றன. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிக்கும் முன் அதன்கண் இருந்த கல்வெட்டுகள் புத்தகத்திற் படியெடுக்கப்பெற்றன. முதலாம் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. கை வைக்கும் முன் பதிவு செய்க என்று இன்றைய பேணுகை ஆசிரியர் கற்பிக்கும் பாடம் இதுவே.

இதனினும் நுட்பமான சான்று திருக்கோடிகாவில் உள்ளது. செம்பியன் மாதேவியார் அக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகள் படியெடுத்து வெட்டப்பெற்றன. அவ்வாறு வெட்டியவற்றில் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்னும் குறிப்பும் சேர்க்கப்பெற்றது. இக் குறிப்பினை எழுதாது விட்டிருந்தால் எவரும் குறை கூறியிரார். ஆயினும் பழையது எது, பழையதன் படி எது என்பதனைப் பின் வருவார் மயங்கலாகாது எனக் கருதிய உள்ளத்தை அக் குறிப்பிற் காண்கின்றோம். மீட்டமைத்த பகுதி மூலப் பகுதியினின்றும் வேறாக அறியப்படுதல் வேண்டும் என்று 1964-இல் வெனிசு நகரிற் கூடிய அறிஞர்கள் வகுத்த நெறி இவ் உள்ளத்திற்கு அயலானதன்று.

பதிப்பாசிரியர் நெறியும் இதுவேயாம். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைத்தில. உ. வே. சாமிநாதையர் 1894-இல் அந் நூலைப் பதிப்பித்தபோது, கிடையாத பாடல்களைத் தாமே யாத்துச் சேர்க்க முயலவில்லை. சிதைந்த அடிகளிற் சிதைவினைச் சிதைவாகவே காட்டினார். வேறு பாடங்கள் அடிக்குறிப்பிற் சென்றன. உடைந்த சிற்பத்திற்குப் புதிய மூக்கு வைத்தலையும் சிதைந்த அடிக்குப் புதிய சீர் வைத்தலையும் நாம் ஒரு தன்மையவாகக் கருதுவதில்லை. முன்னதனைத் திருப்பணி என்று போற்றிப் பின்னதனை இடைச்செருகல் என்று இகழ்கின்றோம். இவ் வேறுபாடு ஏன் என்று தமிழ் முதுகலை மாணவர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் நன்று.

ஓலைகள்

நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்கு முதன்மையான சான்றுகளுள் ஒன்று, அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்துவந்த ஓலைத் தொகுதியாகும். முதலியார் ஓலைகள் என்று ஆய்வுலகில் வழங்குவது இதுவே. வேணாட்டரசரின் கீழ் நாஞ்சில் நாட்டின் ஆட்சிப் பொறுப்பில் இக் குடும்பத்தார் இருந்தமையின், நிலம், வரி, நாட்டார் கூட்டம், அடிமை விற்பனை முதலியன பற்றிய செய்திகள் இவ் ஓலைகளில் இடம்பெற்றுள்ளன. தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876-1954) இவற்றின் பெறுமதியை உணர்ந்து ஆராய்ச்சியாளர் கருத்திற்குக் கொணர்ந்தார். கவிமணியைக் கவிஞராக மட்டுமே அறிந்த மாணவர், கல்வெட்டிலும் ஓலையிலும் அவர் உழைத்த உழைப்பினையும் அறிதல் வேண்டும். பின்னாளில் அ. கா. பெருமாள் இவ் ஓலைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார்.

அச்சில் வந்தபின் ஓலை எதற்கு என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஒளிப்படமும் மின்படியும் பெருகியபின் இவ் எண்ணம் இன்னும் வலுப்பெற்றது. இலக்கியச் சுவடிக்கேனும் இது ஓரளவு பொருந்தலாம். ஆவண ஓலைக்குச் சிறிதும் பொருந்தாது. ஆவணத்தின் உண்மை அதன் சொற்களில் மட்டும் இல்லை. ஓலையின் அளவு, நறுக்கிய முறை, துளையின் இடம், கையொப்பக் குறி, எழுத்தாணியின் அழுத்தம், ஒரு கை எழுதியதன்மேல் வேறு கை எழுதியமை ஆகிய அனைத்தும் சான்றுகள். அச்சுப் பக்கம் இவற்றைக் காட்டாது. ஒளிப்படம் சிலவற்றையே காட்டும்.

ஓலை எவ்வாறு கெடுகின்றது என்பதனைச் சிறிது விரிவாகக் காண்போம். தென்னாட்டில் எழுதுதற்குப் பயன்பட்டவை பனையோலையும் தாளிப்பனையோலையும் ஆம். தாளிப்பனையோலை அகன்றது, மெல்லியது, நன்கு வளைவது. பனையோலை தடித்தது, விறைப்புடையது, பூச்சிக்கு எளிதில் இரையாவது. இரண்டும் மரநாரினால் ஆயவை. ஆகலின் காற்றில் ஈரம் மிகும்போது அதனை உட்கொண்டு விரியும், ஈரம் குறையும்போது சுருங்கும். நாஞ்சில் நாடு தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இருபருவ மழையும் பெறுவது. உழவர்க்கு இது பேறு. ஓலைக்கோ ஆண்டுதோறும் இருமுறை விரிந்து இருமுறை சுருங்கும் நிலை. துளையின் ஓரத்திலும் ஏட்டின் முனையிலும் வெடிப்புத் தோன்றுதற்கு இதுவே பெருங் காரணம். காற்றின் ஒப்பீரப்பதம் நூற்றுக்கு 65 முதல் 70 வரை ஏறிநின்றால் பூசணம் படரும். பூசணம் படர்ந்த ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகும். அந் நிலையில் ஆர்வம் மிக்க ஒருவர் கத்தி நுனியால் ஏடுகளைப் பிரிப்பாராயின், எழுத்துகள் உரிந்து அடுத்த ஏட்டில் ஒட்டிக்கொள்ளுதலும் உண்டு.

நம் முன்னோர் இதற்குச் சில முறைகள் கண்டிருந்தனர். ஏடுகளை மரச்சட்டங்களின் இடையே வைத்து இறுகக் கட்டுதல், துணியிற் பொதிதல், உடன் வசம்பு வைத்தல், ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துக் காற்றாட விடுதல் முதலியன அவை. சில வீடுகளில் அடுப்புப் புகை படும் பரணில் வைத்தனர். புகை பூச்சியை விலக்கும், ஆயின் நாளடைவில் ஓலையைக் கருக்கி நொறுங்கச் செய்யும். இம் முறைகளைப் பழமை என்று தள்ளுதலும், முன்னோர் கண்டன என்பதனாலேயே முழுதும் கொள்ளுதலும் ஒருசேரத் தவறாம். ஒவ்வொன்றையும் ஆய்ந்து கொள்ளுதல் வேண்டும்.

இன்று பெரிதும் கையாளப்படுவது எலுமிச்சைப்புல் எண்ணெய். மென்தூரிகையால் தூசு அகற்றி, வேண்டுமிடத்துச் சாராயம் கலந்த நீரில் தோய்த்த பஞ்சினால் ஒற்றி, பின் இவ் எண்ணெயை மெல்லெனப் பூசுவர். ஓலை நெகிழ்ச்சி பெறும். பூச்சியும் சிலகாலம் அணுகாது. எண்ணெய் மிகுந்தால் தூசு படிந்து ஏடு கறுக்கும் என்பது இதன் குறை. பூச்சியை ஒழிக்க முன்னாளில் தைமால் போன்றவற்றின் ஆவியிற் சுவடிகளை வைத்தனர். மாந்தர்க்கும் பொருளுக்கும் தீங்கென்று அறிந்தபின், நைட்ரஜன் நிறைந்த உறையில் உயிர்வளியின்றிச் சில வாரம் வைத்துப் பூச்சியைக் கொல்லும் முறை பல நாடுகளிற் பரவியது.

தமிழறிவு இன்றியமையாததாகும் இடம் இனி வருவது. ஓலையில் எழுத்து கீறலாக நிற்பது. அக் கீறலில் விளக்குக்கரியைத் தேய்த்து நிரப்பினாலன்றி எழுத்துத் தெளிவுறாது. எனவே சுவடியைச் செப்பம் செய்வோர் மீண்டும் மையாடுவர். கீறல் எது, வெடிப்பு எது, பூச்சித் துளை எது என்று மை அறியாது. எழுத்தல்லாத வெடிப்பிலும் அது சென்று நிறைந்து கோடாகத் தோன்றும். பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுதல் பெருவழக்கன்று. ஆகலின் கரி நிறைந்த சிறு துளையொன்றைப் பின்னாளிற் படிப்பவர் புள்ளியென்று கொள்ளுதல் எளிது. அவ்வழி, எழுதியவர் அறியாத பாடவேறுபாடொன்று செப்பம் செய்தவர் கையாற் பிறந்துவிடுகின்றது.

ஆவண ஓலையில் இத் தீங்கு இன்னும் பெரிது. நாஞ்சில் நாட்டு ஓலைகளில் நிலமும் நெல்லும் தமிழெண்களாலும் பின்னக் குறிகளாலும் குறிக்கப்பெறும். மா என்பது இருபதில் ஒரு பங்கு; காணி என்பது எண்பதில் ஒரு பங்கு; முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. குறிகளில் ஒரு கோடு கூடினும் குறையினும் நிலம் நான்கு மடங்கு பெருகவோ சுருங்கவோ கூடும். நாளோ கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டினாற் குறிக்கப்படுவது. நடையோ தமிழும் மலையாளமும் விரவியது. இவற்றை அறியாத பேணுகையாளர் சிதறிய ஏடுகளை வரிசைப்படுத்தவும் இயலாது. ஏட்டெண் என்று அவர் கருதுவது நெல்லின் அளவாக இருத்தலும் கூடும். வேதியியலார் வேலை செய்யும் மேசையருகே எழுத்தறிந்த ஒருவர் இருத்தல் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

ஏடு இந் நாட்டில் எழுத்தைத் தாங்கும் பொருள் மட்டுமன்று. வில்லுப்பாட்டுப் புலவர் குடும்பங்களில் கதைப்பாட்டு ஏடுகள் மரபுவழிப் போற்றப்பெற்றன. அகிலத்திரட்டு அம்மானையை 17 நாள் ஓதும் திருஏடு வாசிப்பு சுவாமிதோப்பில் ஆண்டுதோறும் நிகழ்கின்றது. இத்தகைய மரபிற்குரிய ஓர் ஏட்டில் சந்தனமும் மஞ்சளும் படிந்திருப்பின் அது அழுக்கா, சான்றா? அழுக்கென்று கருதித் துடைப்பவர், அவ் ஏடு வழிபடப்பெற்றது என்னும் செய்தியையும் உடன் துடைத்துவிடுகின்றார். வேதியியல் இவ் வினாவிற்கு விடை கூறாது.

பத்மநாபபுரம்

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை பேணுகை மாணவர்க்கு ஒரு திறந்த பாடசாலை எனலாம். கல்குளம் என்று முன்னர் வழங்கிய இவ் ஊரில் 1601-ஆம் ஆண்டளவில் தொடங்கி, 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வருமரால் விரிவுற்ற அரண்மனை இது. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. நாடு தமிழகத்தோடு இணைந்தபின்னும் அரண்மனை கேரள அரசின் தொல்பொருட்டுறையின் பொறுப்பிலேயே இருந்து வருகின்றது. 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமை முன்மொழிவுப் பட்டியலில் இது சேர்க்கப்பெற்றது. மண் ஒரு மாநிலத்தது, மனை மற்றொரு மாநிலத்தது என்னும் இந் நிலையைச் சிலர் வழக்காகவே காண்பர். ஆய்வாளர் அவ்வாறு காணவேண்டுவதில்லை. திருவனந்தபுரத்து ஆவணங்களையும் நாகர்கோயில் வட்டாரத்து ஓலைகளையும் ஒருசேரப் பயில்வார்க்கே இக் கட்டடம் விளங்கும்.

இங்குக் கவலைக்கு முதல் இடம் மரம். தூண், உத்தரம், சாளரம், கூரை யாவும் மரமாதலின் கறையானும் வண்டும் ஈரமும் ஓயாப் பகைகள். மரத்திற்கு முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பூசுதல் இப் பகுதியிற் பழகிய முறை. அது பூச்சியைத் தடுக்கும். மீண்டும் மீண்டும் பூசினால் செதுக்கு வேலையின் நுணுக்கத்தைக் கரிய படலம் மூடிவிடும். அடுத்தது ஓவியம். உப்பரிகை மாளிகையின் மேனிலையில் உள்ள சுவரோவியங்களைப் பற்றித் திருவிதாங்கூர்க் கலையை ஆராய்ந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் முதலியோர் எழுதியுள்ளனர். சுண்ணச் சாந்தின்மேல் தீட்டிய ஓவியத்திற்குக் கூரைக்கசிவு பெரும் பகை. நீர் சுவரினுள் இறங்கி, உப்பைக் கரைத்து, மேற்பரப்பிற்குக் கொணர்ந்து உலரும். உப்பு படிகமாகும்போது வண்ணப் படலத்தைப் பொரியாக உயர்த்தி உதிர்க்கும். சுண்ணச் சுவரில் வெடிப்பைச் சிமெந்தால் அடைத்தல் இக் கேட்டை மிகுவிக்கும். சிமெந்து ஈரத்தை வெளிவிடாது, தானும் உப்பினைத் தரும். கோயில்களிலும் பழவீடுகளிலும் இத் தவறு நாள்தோறும் நிகழ்கின்றது.

அரண்மனையின் கரிய தளத்தைக் காண வருவோர் அனைவரும் அதன் பளபளப்பை வியப்பர். சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டையின் வெண்கரு முதலியன சேர்த்து இட்டது என்று வழிகாட்டுவோர் கூறுவர். செவிவழி வரும் இச் செய்தி மெய்யாகவும் இருக்கலாம். ஆயின் முட்டை வெண்கரு ஒரு புரதம். சாந்தில் புரதம் உண்டா என்பதனைச் சிறு துணுக்கொன்றைக் கொண்டு ஆய்வுக்கூடத்திற் கண்டறிதல் இன்று இயல்வது. வாய்மொழிச் செய்தியைத் தொகுத்துக் கூறுமிடந்தோறும் வேறுபடும் கூறுகளை ஒப்பிடுதல் நாட்டுப்புறவியல் மாணவர் பணி. சாந்தைச் சோதித்தல் வேதியியல் மாணவர் பணி. இரண்டும் ஓர் ஆய்வேட்டில் இணைந்தால் அவ் ஏடு இரு துறைக்கும் பயன்படும்.

நவராத்திரிக் காலத்தில் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுவர். அரண்மனையில் உடைவாள் கைமாறும் சடங்கு நிகழும். படிமமும் வாளும் கண்ணாடிப் பேழையுள் உறங்குவன அல்ல. பயன்படும் பொருள் தேயும். தேய்வைத் தடுக்கப் பயனை நிறுத்துதல் மக்கள் ஏற்கும் வழியன்று. புளியிட்டுத் துலக்குதலைக் குறைத்தல், பயணத்தில் அதிர்வைத் தணித்தல், ஆண்டுதோறும் நிலையைப் பதிவு செய்தல் என்னும் சிறு வழிகளே இங்கு உள்ளன.

திருவட்டாறு

இவ் வினா முழு உருவத்தோடு எழுமிடம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில். 418 ஆண்டுகளின் பின் 2022-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள் அங்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. பள்ளிகொண்ட மூலவர் திருமேனி கல்லினாலாயது அன்று. கடுசர்க்கரை யோகம் என்னும் கூட்டுச் சாந்தினாலாயது. இச் சாந்தினாலாய திருமேனிக்கு நீராட்டு இல்லை. மண், மரப்பிசின், மூலிகைச் சாறு முதலிய பல பொருளின் சேர்க்கை கேடுறுங்கால், அதனைச் செப்பம் செய்யும் அறிவு நூலில் ஒருபாதியும் கைவினைஞர் கையில் ஒருபாதியுமாக நிற்கின்றது. மேனாட்டுப் பாடநூல் இதற்கு நேரே வழி கூறாது. கைவினைஞர் கூறும் பொருட்பெயர்களைக் கேட்டெழுதி, சிற்பநூற் சொல்லோடும் வட்டார வழக்கோடும் ஒப்பிட்டு, எம் மரத்தின் பிசின், எவ் ஆற்று மண் என்று உறுதி செய்து தருதல் சொல்லாராய்ச்சி பயின்றார்க்கே கூடும். ஒரு பெயர் இரு மரங்களுக்கு வழங்குமாயின் மருந்தே மாறிவிடும்.

வழிபடுவோர்க்குத் திருமேனி முழுமையாக விளங்குதல் வேண்டும். ஆய்வாளர்க்குப் பழைய பகுதி பழைய பகுதியாகவே நிற்றல் வேண்டும். இவ் இரண்டும் எப்போதும் இயையும் என்று நாம் கூறவில்லை. வழிபாட்டிலுள்ள பொருளில் வழிபடுவோர் உரிமையே முற்பட்டது என்பதே நம் கருத்து. ஆயினும் கை வைக்கும் முன் முழுப் பதிவு செய்தலையும், அகற்றிய துணுக்குகளைச் சேமித்தலையும் எந்த ஆகமமும் தடுத்ததாகத் தெரியவில்லை. திருமழபாடியிற் செய்ததனைத் திருவட்டாற்றிற் செய்யத் தடை யாது?

தமிழ்த் துறைகள் செய்யத்தக்கன

1981-இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை தனியே அமைந்தது. 2003-இல் தொடங்கிய தேசியச் சுவடி இயக்கம் பல ஊர்களிற் சுவடிப் பேணுகைப் பயிற்சிகளை நடத்தியது. தமிழ் முதுகலைப் பாடத்திட்டங்கள் பலவற்றில் சுவடியியல் ஒரு தாளாக உண்டு. எனினும் அத் தாளில் உயர்மதிப்பெண் பெற்றும் ஓர் ஏட்டினைக் கையால் தொட்டறியாத மாணவரைக் காண்டல் அரிதன்று. இந் நிலை மாறுதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஈரமானி ஒன்று, மென்தூரிகைகள் சில, எழுதப்படாத புதிய ஓலைகள் ஒரு கட்டு ஆகியன போதும். புதிய ஓலையில் தாமே எழுதி, மையாடி, நனைத்து, உலர்த்தி, அது கெடும் வகையைக் கண்ணாரக் கண்ட மாணவர் பழைய ஓலையைக் கத்தியாற் பிரிக்கத் துணியார்.

தமிழ் மாணவர் அனைவரும் வேதியியலார் ஆதல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள் அன்று. பேணுகையாளர் எழுதிய நிலையறிக்கையைப் படித்து உணரவும், தகாத மருந்தினை மறுக்கவும், தக்கதனைக் கேட்டுப் பெறவும் வல்லராயின் அமையும். அவருள் ஒருசிலர் மேலும் சென்று பேணுகையில் முதுகலை பயில்வாராயின், வேதியியல் அடிப்படையை ஓராண்டு முயன்று பெறுதல் அரிதன்று. வேதியியலார் ஓராண்டில் பின்னக்குறிகளையும் கொல்லம் ஆண்டையும் வட்டெழுத்தையும் கற்றல் அதனினும் அரிது. நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் நாகர்கோயிற் கல்லூரிகளும் திருவனந்தபுரத்துச் சுவடி நூலகத்தோடும் எழும்பூர் ஆய்வுக்கூடத்தோடும் இணைந்து இத்தகைய இருவழிப் பயிற்சியை வகுத்தல் இயலும்.

படிகளும் பேணத்தக்கன என்பதனை மறத்தலாகாது. சிதறால் மலையாகிய திருச்சாரணத்து மலையிலும் பிறவிடங்களிலும் உள்ள கல்வெட்டுகளுக்குப் பலதலைமுறை முன் எடுத்த மைப்படிகள், கல் தேய்ந்துவரும் இந் நாளில் கல்லினும் தெளிவான சான்றாதல் கூடும். மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொணருமாறு 2021-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டபோது, அவை எங்கே இருத்தல் வேண்டும் என்பது பற்றியே பெரிதும் பேசப்பட்டது. அவை மடித்த தாள்கள்; மடிப்பில் முறியும் தன்மையன. எத்தகைய பேழையில், எவ் ஈரத்தில் இருத்தல் வேண்டும் என்னும் வினாவும் உடன் எழுந்திருத்தல் வேண்டும்.

நாஞ்சில் நாட்டு வீடுகளில் இன்னும் எஞ்சியுள்ள ஓலைகளுக்கு ஒரு நிலைப்பதிவேடு தொகுத்தல் முதுகலை மாணவர் ஒரு விடுமுறையில் தொடங்கத்தக்க பணி. உரியவர் இசைவு பெற்று, ஓலையை அவ் வீட்டிலேயே விட்டுவைத்து, அதன் நீளம், அகலம், துளை, ஏட்டெண்ணிக்கை, கேட்டின் வகை, வைத்திருக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். கட்டியிருக்கும் துணியையும் கயிற்றையும் மரச்சட்டத்தையும் தவறாது குறித்தல் வேண்டும். ஓலையைத் தூய்மை செய்ய முற்படுவோர் முதலில் எறிந்துவிடுவன பெரும்பாலும் அவையே.